பதினைந்து வருஷம் யாருக்குப் போதும்?

அன்புச் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, பேத்தி எல்லாரும் சுகம், நானும் சுகம்தான், நெஞ்சுக்குள் இருக்கிற அந்த ஒரு வால்வைத் தவிர. உன் சுகத்தை எழுது, சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று எழுதாதே.

நீ போனில் சொன்னது ஒன்றுவிடாமல் மனசில் இருக்கிறது. வால்வின் இதழ் வெங்காயத் தோல் கனம்தான், அதற்குள்ளேயே மூன்று அடுக்கு, மேலும் கீழும் இழுத்தால் இணங்கி வரும், குறுக்கே இழுத்தால் உன் அப்பா மாதிரி விறைத்துக்கொள்ளும், அதனால்தான் நாளுக்கு லட்சம் தடவை திறந்து மூடியும் கிழியாது என்றாய். செத்தவர்கள் தானமாகக் கொடுத்த வால்வை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பதுதான் என் மகள் வேலை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன், அன்றிலிருந்து அவள் நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. என்னுடையதில் சுண்ணாம்பு படிந்து அட்டை மாதிரி ஆகிவிட்டதாம். கேட்ட அன்றே பாலை நிறுத்தினேன், எலும்புக்குக் கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் குப்பையில் போட்டேன். பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, யாரு சொன்னது உங்களுக்கு என்று டாக்டர் கத்தினார். உன்னைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அதோடு விட்டாரா? ஆப்பரேஷன் செய்து வால்வையே மாற்ற வேண்டும், உலோக வால்வு ஆயுசுக்கும் வரும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கக் கடைசிவரை மாத்திரை விழுங்க வேண்டும், மாட்டு இதயத்தைச் சுற்றியிருக்கும் ஜவ்வில் செய்தது பதினைந்து வருஷம் வரும், உங்க வயசுக்கு அதுவே தாராளம்மா என்றார். யாருக்கு எவ்வளவு போதும் என்று அளந்து ஊற்ற இவர் யார்? உன் பெரிய அத்தையும் இப்படித்தான், என் கல்யாணத்தன்று, ஓரம் கிழிந்த பச்சைச் சேலையில் நின்றுகொண்டு, இந்த ஈர்க்குச்சி உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்றாள். அவள் இன்னும் இருக்கிறாள், அவளுக்கு முன்னால் நான் போவதாக இல்லை. ஆப்பரேஷனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் மாடியில் துணி காயப்போடப் போனவள் பாதிப் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை, ஆனாலும் நான் எழுந்திருக்கும்வரை உட்கார்ந்தே இருந்தார். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜவ்வு வால்வுதான், காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்ளாத நாள் எனக்கு ஏது, அந்த மாத்திரை எனக்குச் சரிப்படாது. வருகிற வியாழக்கிழமை ஆப்பரேஷன். பதினைந்து வருஷம் கழித்து மறுபடியும் வருவேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன், சிரிக்கிறார், சிரிக்கட்டும். நீ அதற்குள் இதைவிட உழைக்கிற ஒன்றைச் செய்து வை, இழுத்துப் பார்த்ததெல்லாம் போதும்.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நூறு வயசு இரு. வியாழக்கிழமை எனக்குப் போன் போடாதே, அப்பாவுக்குப் போடு. சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள், வேறு எதைக் கேட்டாலும் அவர் அழுதுவிடுவார்.

எதையும் மறக்காத,
உன் அம்மா