காப்பகத்துக்குப் பின்னால் நின்ற பட்டமரம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று ஒரு வரி வந்தால் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவாள். போன வாரம் போனில் என்னப்பா குரலே சரியில்லை என்று கேட்டாய், சளி என்று சமாளித்தேன். சளி இல்லை பாப்பா.

நம் வீட்டுக்குப் பக்கத்தில், குழந்தைகள் காப்பகத்துக்குப் பின்னால் நின்ற பட்டமரம் உனக்கு நினைவிருக்கும். அதில் பெரிய கருப்பு மரங்கொத்தி ஜோடி ஒன்று பொந்து குடைந்திருந்தது. காக்கையைவிடப் பெரிது, வயிறு வெள்ளை, ஆணுக்குக் கொண்டை முழுக்கச் சிவப்பு. அது மரத்தைத் தட்டுகிற தட்டில், யாரோ வந்திருக்காங்க பாருங்க என்று அம்மா என்னை இரண்டு தடவை கதவைத் திறக்க வைத்தாள். இரண்டும் மாற்றி மாற்றி அடைகாத்தன, இருட்டினால் ஆண்தான் உள்ளே போகும். குஞ்சு பொரித்ததும் தொண்டை நிறைய எறும்பு கொண்டுவந்து குஞ்சின் வாய்க்குள் கக்கும். காய்ந்த பெருமரம் இல்லாவிட்டால் அதற்கு வீடே இல்லையாம், முப்பது வருடமாகக் காட்டில் மரம் அறுக்கிறவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

மரம் காப்பகத்துப் பக்கம் சாய்கிறது, அறுத்துவிடு என்றார் ரேஞ்சர். குஞ்சு பறக்கப் பத்து நாள் போதும் சார் என்று கையைப் பிசைந்தேன். சரிய்யா, ஒரு வாரம், அதுக்கு மேல என் தலைதான் உருளும் என்றார். நாலாம் நாள், காற்றுகூட இல்லை, ஒரு கிளை முறிந்து, துணி உலர்த்திக்கொண்டிருந்த காப்பகத்து ஆயாவின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால், விடுங்கண்ணே நீங்க என்ன பண்ணுவீங்க என்று அவளே என்னைத் தேற்றுகிறாள். அவகாசம் கேட்டது நான் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மறுநாளே அறுத்தேன். கயிறு கட்டி மெல்ல இறக்கப் பார்த்தோம், உளுத்த மரம், பொந்தோடு பிளந்துவிட்டது. ஒரு குஞ்சு அங்கேயே போயிற்று. மற்றதை அந்தப் பொந்துத் துண்டிலேயே வைத்துப் பக்கத்து மரத்தில் உயரக் கட்டினேன். ஆண் பறவை வந்தது. பழைய மரம் நின்ற இடத்தில், அதே உயரத்தில், வெறும் காற்றில் வந்து வந்து திரும்பியது. பத்தடி தள்ளிக் குஞ்சு கத்துகிறது, அதற்குப் புரியவில்லை. இங்க பாரு, இங்க என்று கீழே நின்று கையை ஆட்டுகிறேன். உங்களைப் பார்த்துத்தான் அது மிரளுது, உள்ளே வாங்க என்று அம்மா கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் குஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. ஏறிப் பார்த்தேன், வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது.

இன்று ஆயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வந்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. போன் பண்ணும்போது ஆயா பேச்சை மட்டும் எடுக்காதே, அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள், நான் சொல்லிவிட்டது அம்மாவுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா