அம்மா தைத்து அனுப்பும் பச்சை நோட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம், அந்த முழங்காலும் அங்கே நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினசரி வேண்டுதல். குளிர் கூடிவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே. போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். சில விஷயங்களைச் சொல்ல எனக்கு வாய் வராது, எழுதக் கை வருகிறது, அதுவே இப்போதுதான் தெரிந்தது.

கதையைக் கேள். டிப்போவில் பஸ்ஸை விடும்போது குறைப் புத்தகத்தில் எழுத வேண்டும், பிரேக் இழுக்கிறது, வைப்பர் ஓடவில்லை என்று. போன மழைக்காலத்தில் ஒருநாள் என்னையறியாமல் அதில், பின்சீட்டில் ஒரு பெண் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அழுதுகொண்டே வந்தாள், யாரும் என்னவென்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்று எழுதிவிட்டேன். மறுநாள் மெக்கானிக் புத்தகத்தோடு வந்து, "அண்ணே, இதுக்கு நான் எந்த நட்டை முடுக்குறது?" என்றான். அன்றைக்கே எனக்கென்று கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். கடைசி நிறுத்தத்தில் கிடைக்கிற பன்னிரண்டு நிமிடத்தில் ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதுகிறேன், இன்ஜின் ஓடினால் எழுத்து ஆடுகிறது, அதற்காகவே அணைத்துவிடுகிறேன். நான் பேனாவை அழுத்துகிற அழுத்தில் தாளின் பின்பக்கம் புடைத்துக்கொள்ளும், தடவிப் பார்த்தே எது கோபமாக இருந்த நாள் என்று சொல்லிவிடுவேன். முப்பது வருடமாக அதே ரோடுதான், எழுத ஆரம்பித்த பிறகுதான் அதில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்ணில் படுகிறது. இந்த வயதில் யாருக்குக் காதல் கடிதம் என்று கிண்டலடித்த அம்மா, இப்போது நான் மறந்தாலும் நோட்டைச் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புகிறாள்.

எங்கள் கண்டக்டரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம், அவன் காதில் விழுந்தது டிப்போ முழுக்க ஒலிபரப்பாகிவிடும். இரண்டு வாரம் முன்பு நான் முகம் கழுவப் போன நேரத்தில், சீட்டில் கிடந்த நோட்டை எடுத்து ஓய்வறையில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்துவிட்டான். பாப்பா நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்த பிறகும் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன் என்று எழுதியிருந்த பக்கம். ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, ரேடியோ மன்னிப்பும் கேட்டான். ஆனாலும் எனக்கு நடுரோட்டில் சட்டையில்லாமல் நின்ற மாதிரி இருந்தது. அன்று வண்டியை எடுக்க ஐந்து நிமிடம் தாமதம்.

அந்த ஐந்து நிமிடமும் உன் பள்ளிக்கூடக் கடைசி வருடம்தான் ஞாபகத்தில் நின்றது. உன் தலையணைக்கடியில் இருந்த பச்சை அட்டை நோட்டை எடுத்து, சாப்பாட்டு மேஜையில், அத்தையும் இருக்கும்போது வாசித்தேனே. "பெத்தவனுக்குத் தெரியாம உனக்கு என்ன ரகசியம்?" என்று கத்தினேன். நீ அழவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு உன் கையில் நோட்டைப் பார்க்கவில்லை, எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்பா" என்ற ஒரே பதில்தான். உன் வாயை அடைத்தது நான்தான் என்று புரிய எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. தப்பு செய்துவிட்டேன் பாப்பா. அப்பாவை மன்னித்துவிடு.

அன்று பிடுங்கிய நோட்டு என் ஸ்பானர் பெட்டியின் அடியில்தான் இருந்தது. பிறகு ஒருநாளும் திறக்கவில்லை, சத்தியம். பாதிக்கு மேல் வெற்றுத் தாள் என்பது மட்டும் அன்றே பார்த்த ஞாபகம். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அம்மா அதைத் துணியில் சுற்றி நாலு பக்கமும் தைத்துவிட்டாள், தபால்காரரை நம்புகிறாளாம், என்னை நம்பவில்லையாம். கூட ஒரு பேனாவும் இருக்கிறது. மறுபடி எழுதுகிறாயா என்று போனில் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் எங்கள் ஆசீர்வாதம் உன் கூடவே இருக்கும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், பார்சலைப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது பிரி.

இப்படிக்கு,
உன் அப்பா