தணிகாசலத்தின் கேபிள்

அக்டோபர் 14, செவ்வாய். ஆவடி.

ஷிப்ட் முடிந்து, ஃபாக்டரி கேட்டில் ஒப்படைத்திருந்த போனை வாங்கினேன். சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. மனைவி சுமதிக்கோ நிறைமாதம். கேட்டவர்களிடமெல்லாம் சி-டைப் கேபிள்தான். என் பழைய போனில் அது நுழையவில்லை. யூனியன் தேர்தலிலிருந்து என்னோடு பேசாத தணிகாசலம், பழைய பின் வைத்த கேபிளோடு பவர் பேங்கை நீட்டினான்.

"இன்னா பாத்துகினு கீறே? சொருவு."

போனுக்கு உயிர் வந்ததும் சுமதியின் மெசேஜ்: வலி எடுத்துவிட்டது, பக்கத்து வீட்டு அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தணிகாசலமே என்னை பைக்கில் கொண்டுபோய் விட்டான். பெண் குழந்தை. இருவரும் நலம்.

குழந்தையின் படத்தை முதலில் அவனுக்குத்தான் அனுப்பப் போனேன். தேர்தலன்று அவனை பிளாக் செய்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிளாக்கை எடுத்துவிட்டு அனுப்பினேன். உடனே பதில்:

"நல்ல வேள, உன்ன மாரி இல்ல."