அண்ணன் வண்டியில் தம்பி இன்ஜின்

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் என் வழக்கம், ஆனால் உங்கப்பா மலையை விட்டு இறங்கி வாசலில் வந்து நிற்கிறவரை அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் இப்போதைக்கு நான் நலம், பூனை நலம், தையல் மெஷின் நலம் என்று வைத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, போன தடவை அனுப்பின போட்டோவில் உன் பக்கத்தில் இருந்த குடை ஸ்டாண்டைத்தான் நான் முதலில் நீ என்று நினைத்தேன், அதற்காவது கழுத்தில் கொஞ்சம் சதை இருக்கிறது. போனில் ஒரு நிமிஷத்தில் சொல்லுகிறதை ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் என் குரலைக் கண்டுபிடித்துவிடுவாய், அப்புறம் நீ அங்கே குறுக்கும் நெடுக்கும் நடக்க, நான் இங்கே குறுக்கும் நெடுக்கும் நடக்க, ரெண்டு பேர் நடந்து என்ன பிரயோஜனம். கடிதம் என்றால் அது உன் கைக்கு வருகிறபோது நல்லதோ கெட்டதோ நடந்து முடிந்திருக்கும், நீ காலை நீட்டிக்கொண்டு படிக்கலாம்.

ஒரு வண்டிச் சத்தம் கேட்டது, எழுந்து போய்ப் பார்த்தேன், தண்ணீர் லாரி. சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டிக் கதையை அப்பா சொல்லும்போதெல்லாம் நீ பாதியில் தூங்கிவிடுவாய், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், எனக்கும் பொழுது நகர வேண்டும். அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் இருப்பது ஒரே கம்பெனியின் ஒரே மாடல், மலைப்பாதையில் ஓட்டுகிற பைக். அப்பா முதலில் வாங்கினார், அண்ணன் வைத்திருப்பது தனக்கும் வேண்டும் என்று சித்தப்பா மறுவருடம் வாங்கினார். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், ஆனால் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா, அந்த ஒரு வருடத்துக்குள் இன்ஜினுக்குள்ளே இதை அகலமாக்கி அதைத் தடியாக்கி என்னென்னவோ செய்துவிட்டான். அப்புறம் ரெண்டு பேரும் போட்டி போட்டு ஓட்டி ஒரே வளைவில் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்கள் இல்லையா, அப்போது சித்தப்பா வண்டியில் ஃபிரேம் வளைந்தது, அப்பா வண்டியில் இன்ஜின் போனது. ஃபிரேமை நிமிர்த்துகிறவரை இருக்கட்டும் என்று சித்தப்பாவின் இன்ஜினைத் தூக்கி அப்பா தன் வண்டியில் மாட்டிக்கொண்டு மலைமேல் செல்போன் டவர் வேலைக்குப் போனார், பிறகு அப்பாவின் இன்ஜின் சரியானதும் அது சித்தப்பா ஃபிரேமில் போய் உட்கார்ந்தது. ரெண்டு நாளைக்கு என்று செய்தது, அப்படியே நிலைத்துவிட்டது. இன்றுவரைக்கும் அண்ணன் வண்டியில் தம்பி இன்ஜின், தம்பி வண்டியில் அண்ணன் இன்ஜின்.

சண்டை எதனால் என்று நீ கேட்டபோதெல்லாம் நான் மழுப்பினேன். பழைய வண்டி வாங்குகிற ஆள் ஒருத்தர் வந்தார், எல்லாப் பாகமும் ஒரே வருடத்து வண்டியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார், சித்தப்பா வந்து என் இன்ஜினைக் கொடு என்று கேட்டார். அப்பா, “ரெண்டையும் பிரிச்சுப் போட்டா ஒரு மாசம் நிக்குமேடா, நான் டவருக்கு நடந்தா போறது?” என்றார். சித்தப்பா, “எப்பவும் உன் வேலைதான் வேலை, நான் வெல்டிங் பட்டறையில பட்டாசு கொளுத்திக்கிட்டா இருக்கேன்?” என்றார். அதற்குமேல் என் காதில் விழுந்ததை எழுதினால் தபால் பெட்டி தீப்பிடிக்கும். அன்றைக்கு நின்றது பேச்சு, ரெண்டு வருடமாகிறது. ஆனால் பார், அவரவர் முதலில் வாங்கிய வண்டிக்கென்று வாங்கிப்போட்ட உதிரி பாகங்கள் அவரவர் பெட்டியில்தான் இருக்கின்றன. அப்பா பெட்டியில் இருக்கிற இன்ஜின் சாமானெல்லாம் இப்போது சித்தப்பா வண்டிக்குத்தான் ஆகும், சித்தப்பா பெட்டியில் இருப்பது அப்பா வண்டிக்குத்தான் ஆகும். வாயைத் திறந்து கேட்டால் போதும், அந்த வாய்தான் ரெண்டு பேருக்கும் இல்லை.

அதனால் கேட்கிற வேலையை நானும் உன் சித்தியும் எடுத்துக்கொண்டோம். சிரிக்காதே. யூனிஃபார்ம் தைக்கிற இடத்தில் எங்கள் மெஷின் ரெண்டும் அடுத்தடுத்துத்தானே, டீ நேரத்தில் நான் ஒரு கேஸ்கட் கொண்டுபோவேன், அவள் ஒரு கிக்கர் ஸ்பிரிங் கொண்டுவருவாள், மாற்றிக்கொள்வோம், வீட்டில் வந்து கடையில் வாங்கினேன் என்று சொல்லுவோம். ரெண்டு ஆம்பிளைகளும், பரவாயில்லையே, இவளுக்கும் வண்டிச் சாமான் வாங்கத் தெரிந்துவிட்டதே என்று எங்களை மெச்சிக்கொள்வார்கள். போன வாரம் செயின் மாட்டுகிற சின்னப் பல் சக்கரம், ஸ்பிராக்கெட் என்பார்கள், ரெண்டு வண்டியிலும் ஆட்டம் காண ஆரம்பித்தது. அதை வெளியே வராமல் பிடித்துக்கொள்ள லாக் பிளேட் என்று ஒன்று உண்டு, பெரிய சட்டைப் பொத்தான் அளவுக்குப் பல் வைத்த தகடு, இன்ஜின் ஷாஃப்டில் இருக்கிற பள்ளத்தில் போய் உட்காரும். அப்பா வாங்கின பழைய வருட இன்ஜினில், இப்போது சித்தப்பா வண்டியில் இருக்கிறதே அதில், பள்ளம் குறுகல், தகடு மெல்லிசு. சித்தப்பா வாங்கின புது வருட இன்ஜினில், இப்போது அப்பா வண்டியில் இருப்பதில், பள்ளம் அகலம், தகடு தடிமன். நான் அப்பா பெட்டியிலிருந்து மெல்லிசை எடுத்து நீல யூனிஃபார்ம் துணித் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன், அவளும் தடியனை நீலத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள், எங்களுக்கு வேறு துணிக்கு எங்கே போவது. ரெண்டு பொட்டலத்தையும் மெஷின் மேல் வைத்தோம், அந்த நேரம் பார்த்து ‘விசில்’ உள்ளே வந்தார். அதுதான், வாயில் விசிலோடு பிறந்த எங்கள் சூப்பர்வைசர். மெஷின் மேல் இரும்பைக் கண்டால் தொலைந்தோம் என்று ஆளுக்கொன்றை அள்ளி மடியில் போட்டுக்கொண்டோம். அள்ளினபோது அவளவள் பொட்டலத்தையே அவளவள் அள்ளிவிட்டாள் என்று யாருக்குத் தெரியும்.

நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே உங்கப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டால் வயசானவன் என்று ஊர் சொல்லிவிடுமாம், அதனால் அவர் எல்லாவற்றையும் விரலால் தடவித்தான் மாட்டுகிறார். தடவினார், அகலப் பள்ளத்தில் மெல்லிசுத் தகடு சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது, ரெண்டு போல்டை முடுக்கினார், ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்றிப் பார்த்தார், நன்றாகத்தான் ஓடியது. காலையில் டவரில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று ஆள் வந்து சொன்னதும் டூல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், நானும் போய்விட்டு வா மாப்பிள்ளை என்று கிண்டல் பண்ணிக் கையாட்டி அனுப்பினேன். அந்தக் கையை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் போய் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சித்தி ஓடிவந்தாள். சித்தப்பா இன்றைக்குத்தான் லாக் பிளேட்டை மாட்ட உட்கார்ந்திருக்கிறார், தடிமன் ஆயிற்றே, குறுகல் பள்ளத்தில் நுழையவே இல்லையாம், எந்தக் கடைக்காரன் வருடம் பார்க்காமல் கொடுத்தான் என்று கத்துகிறாராம். “அக்கா, என்னுது எங்கிட்டயே இருக்கு, அப்போ உங்களுது?” என்றாள். நான் கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நுழையாத தகட்டால் ஆபத்து இல்லை, வண்டி பட்டறையிலேயே நிற்கும். நுழைந்துவிட்டு நிற்காத தகடுதான் ஆளைக் கொல்லும். ஏறும்போது செயின் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், இறங்கும்போதுதான் தகடு ஆடி ஆடி போல்ட் அறுந்து ஸ்பிராக்கெட் கழன்று, செயின் போய்ப் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால், அந்தப் பாதையில் ஒரு பக்கம் ஒன்றுமே கிடையாது என்பது உனக்கே தெரியும். போன் போட்டேன், போகவில்லை. ஊருக்கெல்லாம் போன் பேச டவரைப் பார்த்துக்கொள்கிற மனுஷன், அந்தச் சரிவில் அவர் போன் மட்டும் எடுக்காது.

செருப்பைக்கூடப் போடாமல் சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். ரெண்டு வருடமாக நாங்கள் செய்த திருட்டு வியாபாரம் முழுவதையும் மூச்சு வாங்க ஒப்பித்தேன், கேஸ்கட் உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். “அண்ணி, அண்ணன் எந்நேரம் கிளம்பினாரு?” என்று ஒன்றே ஒன்று கேட்டார். தடித்த தகட்டைச் சட்டைப் பையில் போட்டார், தன் வண்டியில் லாக் பிளேட் இல்லாத இடத்தில் இரும்புக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினார், நான் வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே உதைத்துக் கிளப்பிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டார். ஆக ஒருத்தர் மெல்லிசுத் தகட்டோடு மேலே, இன்னொருத்தர் வெறும் கம்பியோடு பின்னாலே. நானும் சித்தியும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஜெனரேட்டரைச் சரிபண்ண எவ்வளவு நேரம் ஆகும், மத்தியானமே வந்திருக்க வேண்டும். டீ போட்டேன், ஆறிவிட்டது, சூடு பண்ணினேன், மறுபடி ஆறிவிட்டது. சித்தி உன் பழைய சட்டைக்கெல்லாம் பொத்தான் தைக்கிறாள், பொத்தான் இருக்கிற சட்டைக்கும் சேர்த்து. ஒன்று சொல்கிறேன் கேள், நீ அங்கே வாடகைக்கு ஓட்டுகிற ஸ்கூட்டரில் பிரேக் ஒயரை வாரம் ஒருதரம் பார், யாராவது ரெண்டும் ஒரே மாதிரிதான் என்று சொன்னால் நம்பாதே, நான் நம்பித்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிக்னல் சரியில்லை என்கிறாயே, அதையும் நான் மறக்கவில்லை. மறுபடி ஒரு சத்தம், போய்ப் பார்த்தேன், குப்பை வண்டி. வெயில் எதிர்வீட்டுச் சுவர் மேலே ஏறிவிட்டது. பேனாவைக் கீழே வைத்தால் மனசு எங்கெங்கோ போகிறது, அதனால் சும்மாவாவது எழுதுகிறேன், உன் அறையில் ஒட்டடை அடித்தேன், உன்னை நினைத்துக்கொண்டேன், பரணில் உன் கிரிக்கெட் மட்டை இருக்கிறது, சித்தி வெளியே போய் நிற்கிறாள், கையாட்டுகிறாள், இரு

கண்ணா, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. முதலில் ஒரு வண்டிச் சத்தம்தான் கேட்டது. ஒன்றுதான். சித்தி என் கையைப் பிடித்தாள், அவள் நகம் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. எங்களுக்குத்தான் குழப்பம், அப்பா வண்டியில் ஓடுவது தம்பி இன்ஜின், சத்தத்தை வைத்து எந்தப் புருஷன் வருகிறான் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அப்புறம் அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே இன்னொரு சத்தம் வந்தது. முன்னால் சித்தப்பா, பின்னால் உங்கப்பா, முழங்கால் பேன்ட் கிழிந்து, ரெண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை செம்மண். இறங்கும்போது ரெண்டாவது வளைவிலேயே செயின் கழன்றுவிட்டதாம், உங்கப்பா வண்டியை மலைப்பக்கம் சாய்த்து மண்மேட்டில் மோதி நிறுத்தியிருக்கிறார், முட்டி தேய்ந்ததோடு போயிற்று. கல்மேல் உட்கார்ந்திருந்தவர் எதிரே தம்பி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறார், முதலில் கண்ணில் பட்டது அந்தக் கம்பிதான். ரெண்டு வருடத்துக்கப்புறம் உங்கப்பா தம்பியிடம் பேசின முதல் பேச்சு, “கம்பியைக் கட்டிக்கிட்டா மலை ஏறுவ, மடப்பயலே, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?” சித்தப்பா பையிலிருந்து தடித்த தகட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். உங்கப்பா வண்டிக்கு வேண்டியது அதுதானே. சித்தப்பா வண்டிக்கு வேண்டிய மெல்லிசோ சரளைக் கல்லுக்குள் எங்கேயோ தெறித்துக் கிடந்தது. அதை விட்டுவிட்டு இறங்குவோம் என்றாராம் சித்தப்பா, உன்னைக் கம்பியோடு கீழே விடமாட்டேன் என்றாராம் அப்பா. இவ்வளவு நேரம் எங்கள் உயிரை வாங்கிவிட்டு, ரெண்டு வண்டிக்கும் தகடு மாட்டித்தான் இறங்குவது என்று ரெண்டு பெரிய மனுஷர்களும் பாதையில் தவழ்ந்து தவழ்ந்து பொத்தான் அளவு தகட்டைத் தேடியிருக்கிறார்கள். கண்ணாடி போடாத உங்கப்பாதான் கண்டுபிடித்தாராம், அதுவும் முட்டிக்கு அடியில் குத்தி.

வந்ததும் எனக்கு விசாரணை. “கடையில வாங்கினேன்னியே, எந்தக் கடைடி அது?” என்றார். நான் வாயைத் திறக்குமுன்னே சித்தப்பா, “என் வீட்டுக் கடைதான்ணே, ரெண்டு வருஷமா நல்லா நடக்குது,” என்றார். சித்தி சிரித்ததில் வாயிலிருந்த நூல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இப்போது ரெண்டு பெட்டியும் என் நல்ல பெட்ஷீட் மேல் கொட்டப்பட்டிருக்கிறது, ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எது எந்த வருடம் என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்ஜினை மாற்றுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கப்போவதில்லை. உங்கப்பா ஒரு ஸ்பிரிங்கைத் தூக்கி இது என்னோடது என்கிறார், சித்தப்பா அதைப் பிடுங்கி, உன்னோடதுதான், ஆனா என் வண்டிக்கு என்கிறார். மூக்குமேல் என் தையல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உங்கப்பா உட்கார்ந்திருக்கிற கோலத்தை நீ பார்க்க வேண்டும்.

நீ ஆயுசோடும் தெம்போடும் இருக்க வேண்டும், போன இடத்தில் நல்ல பேர் எடுக்க வேண்டும், கன்னத்தில் கொஞ்சம் சதை போட வேண்டும், இந்த மூன்றையும் நான் தினம் வேண்டிக்கொள்கிறேன், மூன்றாவதுதான் கடவுளுக்கே கஷ்டமாக இருக்கிறது போல. பிரேக் ஒயரைப் பார்க்க மறந்துவிடாதே. சித்தப்பாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு, கம்பி கட்டினதற்குத் திட்டி எழுது, அவருக்குப் பிடிக்கும். முதலில் எழுதாமல் விட்ட வரியை இப்போது எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம்.

இப்படிக்கு,
டீயை மறுபடியும் சூடு பண்ணப் போகிற
உன் அம்மா