தண்ணீர் குடிக்காமல் ஏரி பார்த்த ஞாயிறுகள்

7 செப்டம்பர் 1986, ஞாயிறு

ஆற்று மணல் போச்சு. எங்கள் பெண்கள் பள்ளி சாரணியர் முகாமுக்காகப் போன வாரம் பஸ் ஏறிப் போய் நான் பார்த்துவிட்டு வந்த அதே இடம். தென்பெண்ணைப் பாலத்துக்குக் கீழே, இரண்டு புங்கமரம் நிற்கிற திட்டு. பையன்கள் பள்ளியின் சாரணர் ஆசிரியர் சௌந்தரராஜன் சார் வெள்ளிக்கிழமையே தன் பள்ளி பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவருக்கு யார் சொன்னது? நான்தான். இரண்டு பள்ளிக்கும் பொதுவான கூடாரங்கள் அவரிடம் இருக்கின்றன. அதைக் கேட்கப் போன வாய் சும்மா இருக்கவில்லை. நிழல் இருக்குது, தண்ணி இருக்குது, முள்ளு இல்ல என்று வர்ணித்துவிட்டு வந்தேன். என் வாயில் மண்ணைப் போட.

இன்று கேட்டால் சிரிக்கிறார். “உங்க பொண்ணுங்களுக்கு எதுக்குங்க ஆறும் ஏரியும்? ஸ்கூல் வராண்டா இருக்குதில்ல, பத்திரமா இருக்கும்.”

வராண்டா. இரண்டு வருஷமாக அங்கேதான் கூடாரம் போட்டோம். சிமெண்ட் தரையில் முளை இறங்குமா? மேசைக் காலில் கயிற்றைக் கட்டினோம். தேர்வாளர் அம்மா வந்து பார்த்தார், இதை முகாம் என்று எழுத என்னால் ஆகாது என்று போய்விட்டார். ஆற்றோரமோ ஏரிக்கரையோ, வெட்டவெளியில் தங்கினால்தான் சாரணியர் மாநிலத் தேர்வுக்கு அனுப்ப முடியும். என் அணிப் பிள்ளைகள் எல்லாரும் பத்தாம் வகுப்பு. இந்த டிசம்பர் லீவை விட்டால் அவர்களுக்கு வேறு லீவு கிடையாது.

10 செப்டம்பர்

தலைமையாசிரியை சரஸ்வதி அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேற எடம் பாருங்க அதியா. நான் மேல கேட்டுச் சொல்றேன்.”

கேட்டுச் சொல்றேன். ஆபீசில் கேட்டுச் சொல்றேன், பெற்றோர் சங்கத்தில் கேட்டுச் சொல்றேன். இதுவரை யாரும் யாரையும் கேட்டதில்லை, எனக்கு எதுவும் சொன்னதும் இல்லை.

வெளியே வந்தால் தனலட்சுமி நிற்கிறாள், முதல் அணித் தலைவி. “டீச்சர், இந்த வருசமும் வராண்டாதானா?” கத்திவிட்டேன் அவள் மேல். அவள் என்ன பண்ணுவாள் பாவம்.

21 செப்டம்பர், ஞாயிறு

கிருஷ்ணகிரி அணை. பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது. சீட்டாட்டம் நன்றாக நடக்கிறது. பாட்டில் நன்றாக உடைந்து கிடக்கிறது. நான் கரையில் நின்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன், ஒருத்தன் வந்து “யாருக்காக வெயிட் பண்றீங்க” என்றான். கையில் விசில் இருந்தது. அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஊதினேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அடிவயிறு கல் மாதிரி ஆகியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றக்கூட நிற்கவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

இன்று வீட்டுக்காரரோடு போனேன். நைட் ஷிப்ட் முடித்து வந்தவரை எழுப்பி, டி.வி.எஸ். வண்டியில் ஜூஜுவாடி தாண்டி ஓர் ஏரி. பார்டர் செக்போஸ்டில் நிற்கிற லாரி எல்லாம் அங்கேதான் இறங்குகிறது. டிரைவர்கள் குளிக்கிறார்கள், லாரியும் குளிக்கிறது. கன்னடத்தில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒரு பாட்டு. என் பிள்ளைகள் அங்கே எங்கே நிற்பார்கள்?

ஆனால் கோபம் அதனால் இல்லை. திரும்பும்போது நசருல்லா வண்டியை நிறுத்தினார். ரோட்டோரப் புளியமரத்துக்குப் பின்னால் போனார், வந்தார். விசில் அடித்துக்கொண்டு. நான் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினதிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“ஏங்க, எனக்கு?” என்றேன்.

சுற்றிப் பார்த்தார். ரோடு, லாரி, சோளக்கட்டை. “இன்னும் கொஞ்ச தூரம்தான், வீட்டுக்குப் போயிரலாம். வராண்டாலயே போட்டா என்னா அதியா இப்போ?”

வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தபிறகு பேசினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

6 அக்டோபர்

யோசித்தால் இன்னும் எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் தண்ணீர் குடிப்பதில்லை. முந்தின நாள் ராத்திரியே குறைத்துவிடுகிறேன். ஆறு பார்க்கப் போகிறேன், ஏரி பார்க்கப் போகிறேன், நாக்கு வறண்டு போகிறேன். முகாம் கையேட்டில் எழுதியிருக்கிறது: சமதரை, நிழல், நல்ல தண்ணீர், விறகு. அவ்வளவுதான். விடிந்ததும் முப்பது பெண்பிள்ளைகள் எங்கே ஒதுங்குவது என்று ஒரு வரி இல்லை. எழுதினவருக்குப் புளியமரம் போதுமாக இருந்திருக்கும்.

19 அக்டோபர், ஞாயிறு

கொல்லேபள்ளி ஏரி. பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும். அழகு. மேற்குக் கரையில் மாந்தோப்பு, புல்தரை, முளை அடித்தால் சர்ரென்று இறங்குகிறது. பஞ்சாயத்துத் தலைவர் சென்னகிருஷ்ணனைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில், “ஊர்ல நாலு பேரைக் கேட்டுச் சொல்றேங்க.”

இங்கேயுமா!

எதிர்க் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எல்லாரும் சிரிக்கிறார்கள், இவர்கள் மட்டும் என்ன பாவம் பண்ணினார்கள்.

9 நவம்பர், ஞாயிறு

இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். என் நோட்டுதானே.

கொல்லேபள்ளிக்கு மறுபடி போனேன். பஸ் வழியில் நின்றுவிட்டது, போய்ச் சேரும்போது உச்சிவெயில். தலைவர் ஊரில் இல்லை. மாந்தோப்பில் நிற்கிறேன், நிற்க முடியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆடு மேய்க்கிறவன், தூண்டில் போடுகிறவன், தோப்புக் காவல்காரன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்தி நாலு வயசு, கழுத்தில் விசில், அரசாங்க உடற்கல்வி ஆசிரியை.

அன்றைக்குச் சிரித்த பெண்களில் ஒருத்தி துணி மூட்டையோடு வந்தாள். பெயர் கெம்பம்மா. என் முகத்தைப் பார்த்தாள், கேள்வி எதுவும் கேட்கவில்லை. “இக்கட ரா” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மதகைத் தாண்டி, பாறை இடுக்கு வழியாக, எதிர்க் கரைக்கு. பெரிய பாறைகள் சுவர் மாதிரி நிற்கின்றன. பின்னால் ஆவாரம் புதர். “போம்மா, எவனும் வரமாட்டான்.”

திரும்பி வந்தபோது பாறைமேல் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். எப்படி வரமாட்டான் என்று கேட்டேன்.

“மதகுல இருந்து அந்தப் பாறை வரைக்கும் பொம்பளைங்க கரை. எங்க மாமியாரு காலத்துல இருந்தே அப்பிடித்தான். மாடு இந்தப் பக்கம் ஓடி வந்தாக்கூட மேய்க்கிறவன் மதகுகிட்ட நின்னுக்கினு கூப்பிடுவான், நாங்கதான் முடுக்கி உடுவோம். நீ என்னாத்துக்கு அந்தத் தோப்புல போயி நின்னுக்கினு இருந்தே? அது ஆம்பளைங்க பக்கம். அதுக்குத்தான் அன்னிக்கு சிரிச்சோம்.”

சுற்றிப் பார்த்தேன். பாறைக்கு நடுவில் நல்ல திட்டு. நிழல் கொஞ்சம் குறைவு. தரை கொஞ்சம் சரிவு. கையேட்டுப்படி மார்க் போட்டால் தோற்றுப்போகிற இடம்.

கேட்டேன். அவள் யாரையும் கேட்டுச் சொல்லவில்லை. துவைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத் தெலுங்கில் ஒரு குரல் கொடுத்தாள், அவர்கள் பதிலுக்கு ஒரு குரல் கொடுத்தார்கள். “வாங்க. ஆனா ஆம்பளை ஒருத்தனும் கூட வரக் கூடாது. வாத்தியாரா இருந்தாலும் சரி.”

12 நவம்பர்

இடம் கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு போனேன். சரஸ்வதி அம்மா என் விண்ணப்பத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: ஆண் ஆசிரியர் துணை அவசியம். சௌந்தரராஜன் சாரைக் கேட்கிறாராம்.

“அங்க ஆம்பளை வரக் கூடாதும்மா. அதனாலதான் அந்த எடமே.”

“ஆம்பளை இல்லாம அத்தனை பொண்ணுங்களை ஏரிக்கரையில படுக்க வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

யாருக்குப் பயந்து துணை? ஆம்பளைக்குப் பயந்து. துணை யாரு? ஆம்பளை. என்ன கணக்குடா இது. சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். “நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு முடியாதுன்னு சொன்னீங்கன்னா இனிமே இதைப் பத்திப் பேசவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை போனாலும் போகட்டும்.

30 நவம்பர், ஞாயிறு

வந்தார். வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. கஞ்சி போட்ட காட்டன் சேலை, குடை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வேண்டாம் என்று கையை ஆட்டினார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கை ஆட்டல் எனக்குத் தெரியும்.

கொல்லேபள்ளியில் வெயிலில் நடந்து, மதகைத் தாண்டி, பாறைகளுக்குள் நுழைந்தோம். நான் இடம், தரை, தண்ணீர் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. கெம்பம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் அம்மாவின் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டு புதர்ப் பக்கம் கூட்டிப்போனாள்.

வந்தபிறகு வெகுநேரம் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில்தான் பேசினார். “நான் ஸ்கூல்ல காலைல ஒரு காபியோட சரி. அப்புறம் எதுவும் குடிக்கிறதில்ல. நம்ம ஸ்கூல் கக்கூஸ்தான் உனக்குத் தெரியுமே. கிட்னியில கல்லுன்னு டாக்டர் திட்டுறாரு.” என்னை அவர் ‘நீ’ என்றது இன்றைக்குத்தான்.

பஸ் இறங்கும்போது, “அந்த ஆம்பளைத் துணை விசயம், நாளைக்கு அடிச்சிடறேன்” என்றார்.

20 டிசம்பர்

சௌந்தரராஜன் சார் கூடாரங்களை அனுப்பியிருக்கிறார். இருப்பதிலேயே கிழிந்ததாகப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார். ஒன்றில் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. பிள்ளைகள் கோணி ஊசி வைத்துத் தைக்கிறார்கள். தனலட்சுமி தையலைப் பார்த்தால் அவள் டெய்லர் ஆகாமலிருப்பது நல்லது.

26 டிசம்பர், கொல்லேபள்ளி

முளை இறங்கிவிட்டது. எல்லாக் கூடாரமும் நிற்கிறது. ஒன்று மட்டும் குடிகாரன் மாதிரி நிற்கிறது.

27 டிசம்பர்

சௌந்தரராஜன் சார் ஸ்கூட்டரில் வந்தார், மேற்பார்வையாம். யார் அனுப்பியது? யாரும் இல்லை. கெம்பம்மா வந்து சொன்னாள்: “யாரோ சாரு வந்திருக்காரு. மதகுகிட்ட நிக்க வெச்சிருக்கோம்.” போய்ப் பார்த்தால் அரிவாளும் புல்லுக்கட்டுமாக நாலு பெண்கள், நடுவில் அவர், தொப்பியோடு. “என்னங்க இது, நான் வாத்தியார்னு சொல்லுங்க” என்றார். சொன்னேன். “வாத்தியாருன்னா அங்கேயே நில்லுங்க” என்றாள் ஒருத்தி. போய்விட்டார்.

பிள்ளைகள் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். பள்ளியில் ஒருத்தியும் இப்படிக் குடித்துப் பார்த்ததில்லை.

28 டிசம்பர்

தேர்வாளர் அம்மா வந்தார். கரையை ஒரு சுற்றுச் சுற்றினார். பாறைக்குப் பின்னாலும் போய் வந்தார். “முகாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

14 ஜூன் 1987

மாநிலத் தேர்வுக்குப் போனவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். தனலட்சுமி பிரியாணி கேட்கிறாள்.

16 நவம்பர் 1987

அடப்பாவி மனுஷா.

இந்த வருஷம் பையன்கள் முகாம் கொல்லேபள்ளி ஏரியில், நாங்கள் தங்கின அதே பொம்பளைங்க கரையில். சுற்றறிக்கை வந்திருக்கிறது. ‘சாரணர் ஆசிரியர் பரிந்துரைத்த சிறந்த இடம்.’ இடப்பற்றாக்குறையால் சாரணியர் முகாம் பள்ளி வளாகத்திலேயே நடத்தப்படலாம். வளாகம் என்றால் வராண்டா. சரஸ்வதி அம்மா ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புதிதாக வந்தவர் கண்ணாடியைத் துடைக்கிறார். “கேட்டுச் சொல்றேன்.”

மதகில் நின்று திரும்பிப் போன ஆள், எந்த முகத்தோடு எழுதினார்? ராத்திரி சாப்பிடும்போது நசருல்லாவிடம் சொன்னேன். “விடு அதியா, வேற எடம் பாத்துக்கலாம், நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்” என்றார் இவர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுக்கும் திட்டினேன்.

21 நவம்பர் 1987, சனி

சாயங்காலம் சௌந்தரராஜன் சார் வீட்டுக்கே வந்தார். முதல் தடவை. நசருல்லா நாற்காலி போட்டார், டீ கொடுத்தேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் இடம் அளக்கப் போனாராம். மதகிலேயே நிறுத்திவிட்டார்களாம். தலைவர் சென்னகிருஷ்ணனிடம் போயிருக்கிறார். “தோப்பைக் குத்தகைக்கு உட்டாச்சு. அந்தக் கரை என் கையில இல்லைங்க. என் சம்சாரமே என்னை அங்க உடமாட்டா. அந்த டீச்சரம்மாவைப் பாருங்க” என்று சொல்லிவிட்டாராம். பையன்கள் பள்ளியில் இப்போது ஆற்றுக்கும் எழுதவில்லை, அணைக்கும் எழுதவில்லை. லீவுக்கு நாள் நெருங்குகிறது.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ஒத்துக்குவாங்க” என்றார்.

தென்பெண்ணை மணல் ஞாபகம் வந்தது. வராண்டா மேசைக் கால்கள் ஞாபகம் வந்தது. என்னென்னவோ சொல்ல இருந்தது, ஒரு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனங்கள்.

“கேட்டுச் சொல்றேன் சார்” என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. டீயைக் குடிக்காமலே எழுந்தார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கொல்லேபள்ளி போகிறேன், எங்கள் பிள்ளைகளுக்கு டிசம்பரில் நாள் கேட்க. இப்போது அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் முழுசாகக் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். காலையிலும் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.