ஒன்றா, இரண்டா

ஜூலை 22, செவ்வாய்

கச்சான் காற்று. வீடு முழுக்க மணல். வாசல் இரண்டு தரம் கூட்டினேன். கணக்குக் கொப்பிக்கு உறை போட வேண்டும்.

உம்மாவின் காயம் திறந்துவிட்டது.

எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. பித்தப்பை ஒப்பரேசன் முடிந்து, தையலும் வெட்டி, எல்லாம் சரி என்று இருந்தோம். பள்ளி விட்டு வந்தால் உம்மா கட்டிலில், சட்டை நனைந்து. இரத்தம் இல்லை. தண்ணீர் மாதிரி, கொஞ்சம் சிவப்பு. துணியை விலக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சின்ன வாய் மாதிரி.

ராத்தாவை எழுப்பினேன். எனக்கு மூத்தவர். இரவில் வேலை, பகலில்தான் தூக்கம். மூன்று பேரும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு.

டொக்டர் கேட்டார், "பலமா இருமினீங்களா உம்மா?"

உம்மா, "ஓம்."

"உள் தையலும் விட்டிருக்கோ எண்டு ஸ்கேன் பாத்துத்தான் சொல்லலாம். விட்டிருந்தா திரும்ப ஒப்பரேசன் தியேட்டர். வெளித்தோல் மட்டுமெண்டா மருந்து கட்டியே ஆறும். அடுத்த புதன் வாங்க. அதுவரைக்கும் இருமக் கூடாது."

இருமலுக்குப் பாணி மருந்து தந்தார்கள். உம்மாவுக்கு இருமலே இல்லை. மருந்து மட்டும் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஜூலை 23, புதன்

பள்ளியில் எதுவும் ஏறவில்லை. விஞ்ஞான மிஸ், "எங்க இருக்கீங்க மகள்?" தியேட்டர் வாசலில் என்று சொல்லவா முடியும்.

ராத்தாவின் வேலை பற்றி இதுவரை பெரிதாகக் கேட்டதில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் எழுதும் நோயாளி விபரங்களை வீட்டிலிருந்தே லெப்டொப்பில் வாசித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் ஒரு எண் போடுவார். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே பில். பெயரெல்லாம் இவருக்குத் தெரியாது, வயதும் காயமும் மட்டும். இன்று பின்னால் போய் நின்றேன்.

"ராத்தா, திறந்த காயத்துக்கும் எண் இருக்கா?"

"இல்லாமலா. எத்தின வருது தெரியுமா எனக்கு."

காட்டினார். நீளமான எண், நடுவில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பிறகு முப்பத்தொன்று என்றால் வெளிக் காயம் திறந்தது. முப்பத்திரண்டு என்றால் உள்ளே. கடைசி இலக்கம்தான் வித்தியாசம், ஒன்று அல்லது இரண்டு.

"உம்மாக்கு?"

திரும்பிப் பார்க்கவில்லை. "உம்மா அமெரிக்கா இல்லகா. போய்ப் படு."

முன்பு இந்த அறையில் ஒரே கட்டில், நாங்கள் இரண்டு பேரும். ராத்தா கால் பெருவிரலால் என் காலைக் கிள்ளுவார், நான் கத்துவேன், உம்மா அடுத்த அறையிலிருந்து "இப்ப வாறன் அகப்பையோட" என்பார். வரவே மாட்டார். இப்போது கட்டில் எனக்கு மட்டும். ராத்தாவுக்கு மேசை, காதில் ஹெட்செட். நான் நுளம்பு வலைக்குள் டோர்ச் வைத்து இதை எழுதுவதுகூட அவருக்குத் தெரியாது.

யா அல்லாஹ், ஒன்று. இரண்டு வேண்டாம். ஒன்று.

ஜூலை 25, வெள்ளி

சுகம் விசாரிக்க ஆட்கள். தேத்தண்ணி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. சீனி முடிந்தது. நாளை வாங்க: சீனி, பிளாஸ்டர், நீலப் பேனை.

இறக்காமத்துச் சாச்சி தயிர்ச் சட்டியோடு வந்தார். உம்மாவின் தங்கச்சி, வாய் அதிகம். "எங்கட வேலிய யானை பிச்சா உள்ளுக்க இருக்கிற நெல்லுப் போகும். உங்கட வயித்த என்னகா பிச்ச? இறால் திண்டீங்கதானே?"

உம்மா, "ஓம்."

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை வயிற்றோடு அமத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போதும் தும்மும்போதும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும், மடியில் இருக்கும் என்னையும் சேர்த்து உடம்பு குலுங்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பாலமுனை மாமி. வாப்பாவின் தங்கச்சி. மெதுவாகக் கதைப்பார். "கண்ணூறுதான் மச்சி. அண்டைக்கு வந்தவள் உங்கட நிறத்தப் பத்திச் சொல்லல்லயா?"

உம்மா, "ஓம்."

இரவு கட்டாரிலிருந்து போனில் வாப்பா. "பாரம் ஏதும் தூக்கினீங்களா?"

"ஓம். சின்னத் தண்ணி வாளி."

டொக்டருக்கு இருமல். சாச்சிக்கு இறால். மாமிக்குக் கண்ணூறு. வாப்பாவுக்கு வாளி. எல்லாவற்றுக்கும் ஓம். இறால் வீட்டுக்கு வந்தே ஒரு மாதம். வாளி தூக்குவது நான்.

அப்படியென்றால் எது? தெரியாவிட்டால் மறுபடி திறக்குமே.

ஜூலை 27, ஞாயிறு

காற்று குறைவு. முடி காய வைத்தேன். குர்ஆன் ஓதப் போகவில்லை, தலைவலி என்று பொய்.

ராத்தாவிடம் சொன்னேன், உம்மா எல்லாருக்கும் ஓம் சொல்கிறார் என்று. லெப்டொப்பை மூடினார். அவர் அப்படி மூடிப் பார்த்ததே இல்லை.

"எனக்கும் இப்பிடித்தான் வரும்கா. ஒரு பொம்புள. எங்கட உம்மாட வயசுதான். காயம் திறந்திட்டு எண்டு மட்டும் இருக்கும். வெளியவா, உள்ளுக்கா, ஏன் திறந்த, ஒண்டும் இருக்காது. நான் ஊகிச்சு எண் போட ஏலா. அந்த டொக்டருக்குக் கேள்வி எழுதி அனுப்பணும்."

"இருமினதாலயா எண்டு கேப்பீங்களா?"

"அதுதான் கூடா! பதிலக் கேள்விக்குள்ள வெச்சு அனுப்பினா அவசரத்தில ஓம் எண்டு போட்டுட்டுப் போயிடுவாங்க. என்ன நடந்த எண்டு விபரிக்கவும், அவ்வளவுதான். முதல் பாடமே அதுதான் எங்களுக்கு." ஹெட்செட்டைக் கழற்றி வைத்தார். "வீட்டில நானும்தான் கேட்டன், கட்டிலால அவசரமா எழும்பினீங்களா எண்டு."

"என்ன சொன்ன?"

"ஓம் எண்டா."

பில் பற்றியும் கேட்டேன். அங்கே பெரிய ஒப்பரேசன் என்றால் அதன் பில்லுக்குள்ளேயே பிறகு மருந்து கட்டுவதும் பார்ப்பதும் மூன்று மாதத்துக்கு அடக்கமாம். திரும்பத் தியேட்டருக்குக் கொண்டு போனால்தான் புதிதாகப் பில். அப்படியென்றால் புதுப் பில் வராதவர்கள் தப்பித்தவர்கள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் அல்லாஹ்விடம் ஒன்று கேட்டேன், இரண்டு வேண்டாம் என்று.

ஜூலை 28, திங்கள்

கேட்டேன்.

ராத்தா தூக்கம். உம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். முகம் தெரியாததால் தைரியம் வந்தது. வாயில் வந்த கேள்வியெல்லாம் பதிலோடு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "உம்மா, அண்டைக்கு என்ன நடந்த?"

அதற்கு ஓம் சொல்ல முடியாது.

சீப்பு இரண்டு மூன்று தரம் போய் வந்தது. பிறகு, "சுஜூதுக்குப் போனன் மகள்."

ஒப்பரேசனுக்குப் பிறகு உம்மா கதிரையில் இருந்துதான் தொழ வேண்டும். டொக்டர் சொன்னார், மௌலவியும் அப்படித் தொழுதாலும் கூடும் என்றார். உம்மாவும் சரி என்றார். ஆனால் அன்று மதியம் லுஹர் தொழுகைக்கு நான் பள்ளியில், ராத்தா தூக்கம். கதிரையைச் சுவரோடு தள்ளிவிட்டு, நிலத்தில் பாய் விரித்து, நெற்றியை வைத்திருக்கிறார்.

"எழும்பக்குள்ள உள்ளுக்க ஏதோ சாக்குத் தையல் விட்ட மாதிரி."

"என்ன கேட்டீங்க உம்மா அவ்வளவு அவசரமா?"

"ஒண்டும் கேக்கல்ல. சும்மா கிடந்தன். ஆஸ்பத்திரிக்குப் போனதில இருந்து நெத்தி நிலத்தில படல்ல. அந்த இடம் தேடிச்சு."

"ஏன் சொல்லல்ல?"

"அல்லாஹ் லேசாக்கித் தந்தத நான் வேணாமெண்டு செஞ்சுட்டு எந்த மூஞ்சோட சொல்ற? அவங்களே ஒவ்வொண்டு சொன்னாங்க. ஓம் எண்டு விட்டன்."

"அதுக்குப் பிறகும் போனீங்களா?"

உம்மா உதிர்ந்த முடியை விரலில் சுற்றினார். பிறகு, "ஒரு தரம்."

சீப்பைக் கீழே வைத்தேன். திட்ட வாய் வரவில்லை. எனக்கு நினைவு வந்தது வேறு. சின்னதில் உம்மா சுஜூதுக்குப் போனதும் முதுகில் ஏறிக்கொள்வேன். வெந்தய எண்ணெய் மணக்கும், தொழுகைச் சால்வைக்குள் சூடாக இருக்கும். நான் இறங்கும் வரைக்கும் உம்மா எழும்ப மாட்டார். ஒரு நாள் அப்படியே தூங்கிப்போனேனாம்.

ராத்தாவிடம் சொல்லிவிட்டேன். உம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான்.

ஜூலை 30, புதன்

பள்ளிக்கு நான் போகவில்லை. ஸ்கேன் அறை வாசலில் ஒரு மணித்தியாலம். ராத்தா தூங்காத கண்ணோடு. சுவரில் பல்லி.

டொக்டர், "இருமல் எப்பிடி?" உம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரே எல்லாம் சொன்னார், மெதுவாக, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. டொக்டர் முன்பு எழுதியதைக் கோடு போட்டு வெட்டினார். திட்டவில்லை. "நல்ல வேளை சொன்னீங்க உம்மா. இன்னும் ரெண்டு தரம் போயிருந்தா உள்ளுக்கும் விட்டிருக்கும். இது வெளித்தோல் மட்டும்தான்."

"ஒண்டு!" என்று கத்திவிட்டேன். ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தியேட்டர் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் மருந்து கட்ட. பாணி மருந்தை நிறுத்தச் சொன்னார்.

மஃரிப் தொழுகை. உம்மா கதிரையில். நான் பக்கத்தில் பாய் விரித்தேன். தொழுகை தொடங்கும் தக்பீருக்கு முன்னால் உம்மா குனியாமல், நேராகப் பார்த்தபடி, "எனக்கும் சேத்து நெத்திய வை மகள்."

வைத்தேன். கொஞ்சம் பிந்தித்தான் எழும்பினேன்.