காதுகுத்துக்கு வந்த தந்தி

அகரம்
1-10-61

சிரஞ்சீவி தங்கமுத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. பெருமாள் கிருபையில் நான் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு வருவதாக நீ போட்ட கடுதாசி வந்தது, பட்டணத்தில் நீ சௌக்கியம் என்று அதில் கண்டுகொண்டேன். ஆனால் அப்பு, சாணார்பட்டியில் நீ செத்து இன்றோடு முப்பத்துநாலு நாள் ஆகிறது. பதறாதே, உன் தங்கச்சி பொன்னழகுதான் புகுந்த வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டாள், முழுக்கப் படி.

அவள் மகனுக்குக் காதுகுத்த நாள் வைத்து, உன்னால் தள்ளிப் போனது இரண்டு தடவை. என் கணக்கு நோட்டில் இரண்டு தேதியும் எழுதி அடித்துக் கிடக்கிறது. அப்பா இல்லாத வீட்டில் நீ ஒருத்தன்தானே தாய்மாமன், உன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும். அவள் மாமியார் சும்மா இருப்பாளா, உங்க அண்ணன் சினிமாவுல இருக்காரா இல்ல சினிமாக் கதையில இருக்காரான்னு நாலு பேர் முன்னால் கேட்டாளாம். மூன்றாம் தடவை ஆவணியில் வைத்தோம், தலைகீழா நின்னாவது வாரேன் என்று எழுதினாய். பந்தல் போட்டு, பிள்ளைக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசி, ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு மாமன் எங்கே மாமன் எங்கே என்கிறார், உன் தந்தி வருகிறது. தந்தி என்றால் நம் பக்கம் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா, சேவகனைக் கண்டதுமே பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துவிட்டார்கள். இங்கிலீஷ் எழுத்து, அந்தக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவள் உன் தங்கச்சி ஒருத்திதான். அம்புட்டுப் பேரும் அவள் முகத்தையே பார்க்கிறார்கள். ஷூட்டிங், வர முடியாது, சித்தப்பா மகன் வீரனை உட்கார வைத்துக் குத்திவிடவும், இதுதானே நீ அடித்தது? இதை எப்படி அவள் வாய்விட்டுப் படிப்பாள். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணன் போயிருச்சுன்னு சொல்லிவிட்டாள். நான் அப்படியே சாய்ந்துவிட்டேன். என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிற மாதிரி காதுக்குள் சொல்கிறாள், அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்மா, வரலைன்னுதான் அடிச்சிருக்கு, நீ அழுகையை மட்டும் நிறுத்திராதேன்னு. நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அழுதது எதுக்கு என்று எனக்கே விளங்கவில்லை.

அப்புறம் அவளைத் திட்டினால், அண்ணன் சொல்லிக்கொடுத்ததுதானே என்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது, கதை இலாகாவில் உனக்கு என்னதான் வேலை என்று கேட்டதற்கு நீதானே சொன்னாய், நாங்க சொற்பக் காசில் எடுக்கிற படம், நடிகர் வரலைன்னா காத்திருக்க முடியாது, அந்தப் பாத்திரத்தைச் சாகடித்து ஒரு தந்தியில் சேதி சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருவோம், இல்லாவிட்டால் வேறொருத்தனை உட்கார வைத்து முதுகை மட்டும் காட்டுவோம், கொட்டகையில் ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான் என்று. முதலாளி தட்டிக்கொடுத்தார் என்று சிரித்தாய். என் பிள்ளை கெட்டிக்காரன் என்று நானும் சிரித்தேன், பாவி. எட்டு வருசம் முந்தி நீயாக எழுதின நாலு கதையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரயிலேறினாய், அதில் ஒன்றாவது படமாச்சா? அடுத்தவன் கதையில் காசுக்குத் தக்கபடி கல்யாணத்தையும் சாவையும் வெட்டி ஒட்டுவதே பிழைப்பாகி, கடைசியில் பிறந்த வீட்டுக் காரியத்துக்கும் அதே கத்திரியை எடுத்துவிட்டாய். தாய்மாமன் மடி என்ன முதுகா, யாருடையதையாவது காட்டினால் போதும் என்று விட?

இன்னொன்று கேள். உன் சாவு உன் தங்கச்சிக்கு நல்லது செய்திருக்கிறது. அண்ணனைப் பறிகொடுத்த பிள்ளை என்று மாமியார் அவள் தட்டில் வெஞ்சனம் இரண்டு கரண்டி கூடவே வைக்கிறாளாம், குத்துப் பேச்சு நின்றுபோச்சாம். நீ உயிரோடு இருந்து வாங்கித் தராத மரியாதை இது. பட்டணத்திலேயே எடுத்தாச்சு என்று நம்பி, சம்பந்தி வீட்டார் இங்கே துக்கம் கேட்க வந்தபோது எதிர்வீட்டுக் கருப்பம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், உன் கடுதாசி வருவதெல்லாம் அவளுக்குத் தெரியுமே. அப்புறம் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு அவளும் மாரடித்து அழுதாள், நல்லவள். மாட்டிக்கொண்டது நான்தான். துக்க வீட்டுக்காரி கோவில் படி மிதிக்கலாமா? தாடிக்கொம்புப் பெருமாளுக்குப் புரட்டாசிச் சனி ஒன்று தவறினதில்லை நான், நேற்றோடு இரண்டு சனி போச்சு. பொய்க்கு உடந்தையாக இருந்துவிட்டு அவன் முகத்தில் விழிக்க எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மருமகனுக்குக் கடுக்கன் எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு வாரேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. உன் தலை தெரிந்த அன்றைக்கே அவளைப் பொய்க்காரி என்று பிள்ளையும் கையுமாக அனுப்பிவிடுவார்கள். உன்னைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே, பந்தலில் அந்தச் செத்த நேரம் நான் பட்டது பெருமாளுக்குத்தான் தெரியும். இரண்டு பேரையும் பெற்றவள், இந்த ஒரு தடவை அவள் பக்கம் நிற்கிறேன். அன்றைக்கு நின்றுபோன காதுகுத்து தையில். வீரன் மடியில்தான், நீ கேட்டபடியே.

உயிரோடு இருக்கிறவனைச் செத்தான் என்று சொன்னால் அவனுக்கு ஆயுசு கெட்டி என்பார்கள். நூறு வயசு இரு அப்பு. வேளைக்குச் சாப்பிடு. கடுதாசி போட்டால் பின்பக்கம் உன் பேரை எழுதாதே.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
ராமுத்தாய்